ஊர் பார்க்கக் கிளம்பிய ஐம்பத்தெட்டாம் நம்பர் வீடு

வடக்காவணி மூல வீதி ஐம்பத்தெட்டாம் நம்பர் வீடு, ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, எட்டு பேட்டரி ஸ்கூட்டர்களுக்குப் பின்னால் தெருவில் இறங்கி மெதுவாகப் போனது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே எப்படி என்று கேட்கிறார்கள்; எங்கள் தெருவில் அன்றைக்கு ஒருத்தரும் அப்படிக் கேட்கவில்லை, எங்கே போகிறது என்றுதான் கேட்டோம், பிறகு எப்போது வரும் என்று கேட்டோம், அதற்குப் பிறகு அது விட்டுப்போன இடத்தில் வண்டி நிறுத்தலாமா என்று கேட்டோம். மதுரையில் நிழலோடு ஒரு காலி இடம் கிடைப்பதுதான் அதிசயம், வீடு நடப்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

அந்த வீட்டுக்கு எதிரே சுற்றுலாக் கம்பெனி ஒன்று இருக்கிறது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வாரத்தில் ஏழு நாளும், எட்டுப் பேருக்கு எட்டு ஸ்கூட்டரும் தலைக்கவசமும் கொடுத்து, ஒன்பதாவது வண்டியில் அல்போன்சா என்கிற பெண் முன்னால் போக, கோயிலைச் சுற்றியிருக்கிற பழைய ஊரை வலமாகக் காட்டிக்கொண்டு வருவார்கள். அல்போன்சா ஞானஒளிவுபுரத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். வாயருகே ஒரு மைக், வண்டியின் முன்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர், குரலோ கணீரென்று நாலு வீட்டுக்குக் கேட்கும். அவள் காட்டுகிற முதல் இடமே ஐம்பத்தெட்டாம் நம்பர்தான். "உங்க இடது பக்கம் பாருங்க, நூறு வருசத்துக்கு மேல பழைய வீடு, தேக்குத் தூண், பச்சை ஜன்னல், சுண்ணாம்புச் சுவர்" என்று இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு இரண்டு முறை சொல்லிவிட்டு, மற்றதைப் பார்க்க எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். எல்லோரும் தன்னைப் பார்த்துவிட்டுப் போகிறார்களே, அப்படி எதைத்தான் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த வீட்டுக்குத் தோன்றியிருக்கலாம் என்பது எங்களில் ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, அது காந்திமதிக்காகத்தான் போனது என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் இன்றுவரை தீர்வு கிடையாது.

காந்திமதி அந்த வீட்டில் குடியிருந்தவள். ஐம்பது வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், நாயக்கர் மகால் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை. கூட இருந்தது அவள் அண்ணன் திரவியம், பிறந்ததிலிருந்து கண் தெரியாதவர். தெருவில் நாலடி வைக்க அவருக்கு ஒரு கை வேண்டும், அதுவும் தங்கச்சி கை வேண்டும். ஆனால் அந்த வீட்டுக்குள் அவரைப் பார்த்தால் கண் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. மாடிப்படி ஏறுவார், அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்னால் போய் அணைப்பார், வந்தவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுவார். உலகத்தில் அவர் ஒரு கை பிடிக்காமல் நடந்த இடம் அது ஒன்றுதான். அந்த இடத்தைத்தான், பாகப்பிரிவினை வழக்கில் ஜெயித்து வீட்டைத் தன் பெயருக்கு வாங்கிய பங்காளி நாகேந்திரன், இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப்போகிறேன் என்று காலிசெய்யச் சொல்லி கோர்ட்டில் உத்தரவும் வாங்கியிருந்தார்.

வீடு கிளம்பிய முதல் நாள் காந்திமதிக்கு வந்த கோபத்தை நாங்கள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வேலைக்குக் கிளம்பித் தலைவாரிக்கொண்டிருந்தவள், ஜன்னலுக்கு வெளியே சுற்றுலாக் கம்பெனிக்குப் பதிலாகக் கீழமாசி வீதி பலசரக்குக் கடைகள் வரிசையாகப் போவதைப் பார்த்து, சீப்போடு வாசலுக்கு ஓடிவந்து, முன்னால் போகிற அல்போன்சாவைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏம்மா! ஊரச் சுத்துறது ஒன் பொழப்பு, சுத்திக்க. என் வீடு ஒனக்கு என்ன பண்ணுச்சு? எதுக்கு இதக் கூட்டிட்டுப் போற?"

"நான் கூப்புடலக்கா! அதுவா வருது!"

"அதுவா வருதுன்னா நிப்பாட்டு!"

அல்போன்சா வண்டியை நிறுத்தினாள், வீடும் நின்றது, கிளம்பினாள், கிளம்பியது. காந்திமதி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனபோது திரவியம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "காந்தி, நம்ம வீட்டுக்குள்ள மல்லி, மொளகா வாசமா வருதே, யாரும் தெருவுல காயப் போட்டுருக்காகளா?" என்று கேட்டார். ஆமாண்ணே என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் திரவியம் ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை. மல்லி வாசம் போய் டீக்கடை வாசம் வந்து, அதுவும் போய் புதுத்துணி வாசம் வந்து, கடைசியில் புறா எச்ச வாசத்தோடு எங்கோ ஒரு பெரிய கூடத்தில் பேசுகிற மாதிரி எதிரொலி கேட்டதும், இது மகால் என்று அவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு, அல்போன்சா மைக்கில் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு கையும் பிடிக்காமல் மகால் பார்த்தார் என்று எங்களில் யாரோ சொன்னோம். பார்த்தார் என்று சொல்லலாமா என்று உடனே ஒரு சண்டையும் வந்தது.

ஊர் இதற்குப் பழக எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வாரம் முழுதாக ஆகவில்லை. காலையில் பத்து மணிக்கு வீடு கிளம்பும், பத்து ஐந்துக்கு அந்த இடத்தில் இருபத்துமூன்று பைக் நிற்கும், பைக்குகளுக்கு நடுவில் ஒரு அம்மா பருத்திப்பால் சட்டியை இறக்குவாள், காலை உலாவோடு மகால்வரை போய் அங்கேயே தங்கிவிடுகிற வீடு சாயங்கால உலாவோடு ஏழு மணிக்குத் திரும்பி வருகிற நேரத்தில் யாரோ ஒருத்தர் "வீடு வருதப்பா, வண்டிய எடு வண்டிய எடு" என்று குரல் கொடுப்பார், எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே எடுப்பார்கள். போக்குவரத்துக் காவலர் ஒருவர் இது கனரக வாகனத்தில் சேருமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டு, இரும்புக் கம்பி ஏற்றின லாரிக்குக் கட்டுகிற மாதிரி வீட்டின் பின்சுவரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டச் சொன்னார், கட்டினோம். தபால்காரர் மதியம் மகால் மதில் நிழலில் வீடு ஓய்வாக நிற்கும்போது அங்கேயே கடிதம் கொடுத்தார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மட்டும் அல்போன்சாவுக்கு போன் பண்ணி, "அக்கா, வீடு இப்ப விளக்குத்தூண் தாண்டியாச்சா?" என்று கேட்டுக்கொள்வார். வாசல் கிழக்கே பார்த்தால் இன்ன பலன், தெற்கே பார்த்தால் இன்ன பலன் என்று சொல்லிப் பிழைக்கிற வாஸ்துக்காரர் ஒருவர்தான் பாவம், ஒரு நாளில் எட்டுத் திசைக்கும் திரும்புகிற வாசலை வைத்துக்கொண்டு திண்டாடிப்போனார்.

பத்துத்தூண் சந்துக்குள் வீடு நுழையாது. ஸ்கூட்டர்கள் உள்ளே போய் வரும்வரை சந்து முனையில் காத்திருக்கும். அந்தப் பத்து நிமிடமும் அந்தப் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர்கள், வீட்டு ஜன்னல் கம்பியில் நைட்டிகளையும் துண்டுகளையும் மாட்டி வியாபாரம் பார்த்தார்கள்.

சுற்றிப்பார்க்க வந்தவர்கள்தான் ரொம்பக் குழம்பினார்கள், அவர்கள் குழம்பியதே தெரியாமல் குழம்பினார்கள். ஜெய்ப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், மதுரையில் பழைய கட்டடங்கள் எல்லாம் இப்படித்தான் போலும் என்று முடிவு கட்டிக்கொண்டு, நாயக்கர் மகால் எத்தனை மணிக்கு வரும் என்று அல்போன்சாவிடம் கேட்டது. அவளுக்கும் குழப்பம்தான். "உங்க இடது பக்கம் பாருங்க, பழைய வீடு" என்று சொன்ன கையோடு, அதே வீடு பின்னால் வர, அடுத்த தெருவில் அதை மறுபடி காட்டலாமா கூடாதா என்று தெரியாமல், சில நாள் காட்டினாள், சில நாள் காணாதது மாதிரி இருந்தாள்.

அப்புறம்தான் அமீனா வந்தார். கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிற அமீனா சோலைச்சாமி, நெற்றியில் விபூதியும் கையில் ஒரு பழைய லெதர் பையுமாக, கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் டிவிஎஸ் மொபெட்டில் கிளம்பி, பதினோரு மணிக்கு எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார். ஐம்பத்தெட்டாம் நம்பர் எங்கே என்றார். இருபத்துமூன்று பைக்கைக் காட்டினோம். பைக்குகளைப் பார்த்தார், பருத்திப்பால் அம்மாவைப் பார்த்தார், ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார், "சொத்து ஸ்தலத்தில் இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் வந்தபோது வீடு மகால் அருகே இருப்பதாக யாரோ சொல்ல, அங்கேயே போய்ப் பிடித்தார். பிடித்தும் பயனில்லை. உத்தரவில் சொத்து விவரம் எப்படி எழுதியிருக்கிறது? கிழக்கே ராமையா வீடு, மேற்கே மருந்துக்கடை, வடக்கே பொதுச்சுவர், தெற்கே வீதி, இந்த நான்கெல்லைக்கு மத்தியில் உள்ள வீடு. சோலைச்சாமி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். கிழக்கே ஒரு பரோட்டாக் கடை இருந்தது, மேற்கே கரும்புச்சாறு வண்டி.

"இது அந்தச் சொத்து இல்லம்மா," என்றார், ஜன்னலில் நின்ற காந்திமதியிடம். "நான்கெல்லை ஒத்துவரல."

"அப்ப இது எந்தச் சொத்து சார்?"

"அதச் சொல்றது என் வேலையில்ல."

விளக்கு வைத்த பிறகு ஒரு வீட்டுக்குள் நுழைந்து காலிசெய்யச் சட்டத்தில் இடமில்லையாம். வீடோ, காலையில் கோர்ட் திறந்து அமீனா கிளம்பி வருவதற்குள் போய்விடும், விளக்கு வைத்த பிறகுதான் தன் நான்கெல்லைக்குள் வந்து நிற்கும். இந்தக் கணக்கு காந்திமதிக்குப் புரிந்த நாளில், அவள் ஒரு தூக்குவாளி நிறைய பால்பாயசம் செய்து அல்போன்சாவிடம் கொடுத்து, "அன்னைக்குக் கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காத" என்றாள். அல்போன்சா, "ஐயோ, நான் ஒண்ணுமே பண்ணலக்கா" என்றாள். உண்மையும் அதுதான், ஆனால் அதை நாங்கள் யாரும் நம்பவில்லை.

நாகேந்திரன் கோயம்புத்தூரில் இருக்கிறவர், ஆனால் மதுரையில் ஆள் வைத்திருப்பவர். வீடு எதன் பின்னால் போகிறது என்று அவருக்குத் தகவல் போய்விட்டது. ஆடி பதினெட்டுக்கு மறுநாள் காலை உலாவுக்கு எட்டு இடத்தையும் எட்டுப் பெயரில் அவரே பதிவு செய்தார். பதிவு செய்துவிட்டு ஒருத்தரையும் அனுப்பவில்லை. கம்பெனியில் விதி என்னவென்றால், ஆள் வரவில்லையென்றால் உலா இல்லை. பத்து மணி ஆனது, பத்தரை ஆனது. வீடு தன் இடத்தில் நின்றது. பைக்குக்காரர்கள் வந்து பார்த்து, இன்னும் போகலையா என்று சலித்துக்கொண்டு போனார்கள். எட்டுப் பெயருக்கும் இருந்த ஒரே நம்பருக்கு அல்போன்சா அடித்துப் பார்த்தாள். "நாங்க வரலம்மா, உடம்பு சரியில்ல" என்றது ஒரு குரல். எட்டுப் பேருக்குமா என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள். அப்போது தெருமுனையில் சோலைச்சாமியின் மொபெட்டும், அதன் பின்னால் ஒரு மினி லாரியும், லாரியின் முன் இருக்கையில் பூட்டுக்காரரும், பின்னால் ஒரு காரில் நாகேந்திரனும் வருவதைப் பார்த்தாள்.

வண்டியை எடுத்தாள். ஆள் இல்லாமலே மைக்கைப் போட்டாள். "உங்க இடது பக்கம் பாருங்க" என்று ஆளில்லாத தெருவுக்குச் சொல்லிக்கொண்டே வீட்டைத் தாண்டி முனைவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். வீடு அசையவில்லை. திரும்பி வந்து மறுபடி போனாள், குரலை உயர்த்திச் சொன்னாள், கடைசியில் மைக்கை மூடிவிட்டு, "வா, வந்துரு, வா" என்று வெறும் வாயால் கெஞ்சினாள். நாங்களும் கூப்பிட்டோம், வெட்கத்தைவிட்டு ஒரு வீட்டைக் கையை ஆட்டிக் கூப்பிட்டோம். அசையவில்லை. அதுவரை அது யாருக்காகப் போனது என்று சண்டை போட்ட இரண்டு கட்சியும் அப்போது வாயை மூடிக்கொண்டது.

சோலைச்சாமி நான்கெல்லையையும் உரக்கப் படித்தார். எல்லாம் ஒத்துவந்தது. ஆட்கள் சாமான்களை இறக்கி லாரியில் ஏற்றினார்கள்: கட்டில், பீரோ, மாவரைக்கும் இயந்திரம், காந்திமதியின் இரண்டு சூட்கேஸ். கடைசியாக அவள் அண்ணனிடம் வந்து கையை நீட்டினாள்.

"அண்ணே, கையப் புடிச்சுக்க. போவோம்."

"என் வீட்டுக்குள்ள எனக்கு எதுக்குடி கை?" என்று சொல்லிவிட்டு, சாமானெல்லாம் போய் வெறிச்சோடிய கூடத்தில் எதன் மேலும் இடிக்காமல் நேராக நடந்து வாசல்வரை வந்தார். வாசலில் நின்றுவிட்டார். அதற்கு அப்பால் மூன்று படி, படிக்குக் கீழே ஊர். அங்கே அவருக்குக் கை வேண்டும். அவருக்கு அது தெரியும், எங்களுக்கும் தெரியும், எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது அல்போன்சா மைக்கைப் போட்டாள். "அண்ணே, உங்களுக்கு நேர மூணு படி. ரொம்ப நல்ல கருங்கல்லு. மெதுவா பாத்துட்டே எறங்குங்க." அவள் எட்டுப் பேருக்குப் பேசுகிற அதே குரல்தான். "இப்ப நீங்க நிக்கிறது வடக்காவணி மூல வீதி. உங்க வலது பக்கம் மருந்துக்கடை, பின்னாடி உங்க வீடு. இன்னும் ஆறடி வந்தா என் வண்டி."

திரவியம் ஒவ்வொரு படியாக இறங்கினார், ஆறடி நடந்தார், கையைத் துழாவி வண்டியைத் தொட்டார், பின்னால் ஏறி உட்கார்ந்தார். சோலைச்சாமி வீட்டைப் பூட்டினார், அரக்கு முத்திரை வைத்தார், சாவியை நாகேந்திரனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். நாகேந்திரன் கையெழுத்தை நன்றாகவே போட்டார்.

"எங்கண்ணே போவோம்?" என்றாள் அல்போன்சா.

"என்னம்மா கேள்வி இது? ரெண்டு வருசமா ஊருக்கெல்லாம் சுத்திக் காட்டுற. எனக்குக் காட்ட மாட்டியா? மத்ததெல்லாம் ஜன்னல் வழியாப் பாத்தாச்சு. ஆத்துப் பக்கம் போ."

வண்டி கிளம்பியது. நாங்கள் திரவியத்தின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் ஐம்பத்தெட்டாம் நம்பர் எப்போது இறங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. பூட்டிய கதவும் அரக்கு முத்திரையும் சிவப்புத் துணியுமாக அது அவர்களுக்குப் பின்னால் வடக்கே திரும்பியபோதுதான் கவனித்தோம். ஆள் வந்ததால் உலா, உலா கிளம்பியதால் வீடு, அவ்வளவுதான் என்று ஒரு கட்சி அங்கேயே ஆரம்பித்துவிட்டது. நாகேந்திரன் தன்னுடைய நான்கெல்லைக்கு மத்தியில் கையில் சாவியோடு நின்றார். உத்தரவில் எழுதியிருந்த நாலு எல்லையும் ஒரு அங்குலம் குறையாமல் அவருக்குக் கிடைத்துவிட்டது. முதல் பைக்குக்காரர் வந்து, "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

போவது சர்க்கார் முத்திரை, அதற்கு சோலைச்சாமி பொறுப்பு. மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். காந்திமதி அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சாமானை எங்கே இறக்க என்று தெரியாமல் லாரியும் பின்னால் போனது. லாரிக்குப் பின்னால் நாங்கள்.

முந்தின நாள் மின்சாரம் இல்லாததால் ஸ்கூட்டரில் பாதிதான் சார்ஜ் இருந்திருக்கிறது. வடக்குமாசி வீதி தாண்டி, சிம்மக்கல் தாண்டி, வைகையில் கல்பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காய்ந்த மணலும் புல்லுமாகக் கிடந்த கரையில் வண்டி முனகி நின்றது. வீடும் நின்றது. வழக்கமாக அவள் வண்டி நின்றால், அது கிளம்பத் தயாராக நிற்கும். அன்றைக்கு அப்படி நிற்கவில்லை. அடியில் மண் நொறுங்குகிற சத்தம் கேட்க, இரண்டு பக்கமும் ஒரு தடவை அசைந்து கொடுத்து, உட்கார்ந்துவிட்டது.

சோலைச்சாமி இறங்கி, பையைத் திறந்து, உத்தரவை எடுத்து, கதவில் தன் கையாலேயே வைத்த முத்திரையைப் பார்த்தார். கிழக்கே பார்த்தார், புல்லில் இரண்டு எருமை படுத்திருந்தது. மேற்கே பாலம். வடக்கே மணல். ரொம்ப நேரம் உத்தரவையும் எருமையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது எந்த வீடுன்னே எனக்குத் தெரியலம்மா," என்றார் காந்திமதியிடம். "யாரோ தப்பா பூட்டியிருக்காக." பிறகு லாரியைப் பார்த்து, "ஏப்பா பூட்டுக்காரரே, இங்கிட்டு வாங்க. தொறந்து விடுங்க" என்றார். முத்திரையை அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார்.

கதவு திறந்தது. காந்திமதி வழக்கம்போல் அண்ணனிடம் கையை நீட்டினாள். இனி அது எந்தத் தெரு, எந்த நம்பர் என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. திரவியம் மட்டும் முதல் படியைக் காலால் தொட்டார், தொட்டதும் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, விறுவிறுவென்று ஏறி உள்ளே போய்விட்டார். கூடத்தில் அவர் காலடிச் சத்தம் கேட்டது. பின்கட்டில் கேட்டது. குழாயைத் திருகுகிற சத்தம் கேட்டது.

"காந்தி!" என்று உள்ளேயிருந்து கத்தினார். "குழா இருக்குடி. தண்ணிதான் வரல."

அன்று காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத காந்திமதி, எங்கள் அத்தனை பேருக்கும் முன்னால் அந்தப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.